ஆர்கியுமென்டேட்டிவ் என்று ஒருவரை எப்போது சொல்லலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். கல்லூரி மாணவர்கள், ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், ஹைகோர்ட் ஜூனியர் வக்கீல்கள், பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டோடு வரும் பெற்றோர் என்று பலரும் இந்த ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருடைய வேலை, படிப்பு, பெயர் எல்லாவற்றையும் தொடக்கூடிய சொல் இது. அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆர்கியுமென்டேட்டிவ் என்றால் சரியாக என்ன அர்த்தம்?

எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிற, பேச்சை விட்டுக்கொடுக்க மனமில்லாத சுபாவம் என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சில் "ஏட்டிக்குப் போட்டி பேசுறவன்", "எடக்கு மடக்கா பேசுறான்", "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான்" என்றெல்லாம் சொல்கிறோமே, அந்த வகை. வாதம் செய்யத் தெரிந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. வாதம் செய்யாமல் இருக்க முடியாதவர் என்பதுதான் பொருள்.

ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சம்ப் கழுவ வேண்டும், அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று செயலாளர் சொல்கிறார். இரண்டாவது மாடிக்காரர் எழுந்து, "போன தடவை கழுவினதுக்கு பில் எங்கே சார்? அதைப் பாத்துட்டு பணம் தர்றேன்" என்கிறார். செயலாளருக்கு முகம் சுருங்கும். ஆனாலும் இவர் ஆர்கியுமென்டேட்டிவ் இல்லை. அவர் கேட்டது ஒரு காகிதம். அது கிடைத்தால் உட்கார்ந்துவிடுவார்.

நாலாவது மாடிக்காரர் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கழுவலாம் என்றால், லீவு நாளில் தண்ணீர் இல்லாமல் எப்படி என்பார். சரி, திங்கட்கிழமை என்றால், ஆபீஸ் போகிற நாளில் யார் பார்த்துக்கொள்வது என்பார். நீங்களே ஒரு நாள் சொல்லுங்கள் என்றால், நாள் சொல்வது என் வேலையா என்பார். இவருக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும். இவருடைய மறுப்பைத் தீர்த்துவைக்கும் பதில் என்று ஒன்று கிடையாது.

இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இது பாராட்டாகவும் வருமா?

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது வராது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு.

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்த ஒரு மாணவர், தன் பேராசிரியர் எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதத்தைக் கொண்டுவந்தார். அன்பாக எழுதிய கடிதம். நடுவில் ஒரு வரி: "ஹி இஸ் எ வெரி ஆர்கியுமென்டேட்டிவ் ஸ்டூடன்ட் இன் மை கிளாஸ்." பையன் கல்லூரி டிபேட் டீமில் இருந்தவன். வகுப்பில் காரண காரியத்தோடு பேசுவான் என்றுதான் பேராசிரியர் சொல்ல வந்திருக்கிறார். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் கடிதத்தைப் படிப்பவர், "வகுப்பில் இவனோடு பெரிய தொல்லை, ஆசிரியர் நாசூக்காகச் சொல்கிறார்" என்றுதான் எடுத்துக்கொள்வார். சிபாரிசுக் கடிதங்களில் குறைகளை மென்மையாகத்தான் எழுதுவார்கள். அதனால் படிப்பவர்களும் வரிகளுக்கு நடுவே தேடிப் படிப்பார்கள். அந்த இடத்தில் "ஹி ஆர்கியூஸ் ஹிஸ் கேஸ் வெல்" என்றோ, "ஹி ரீசன்ஸ் கிளியர்லி" என்றோ எழுதியிருந்தால் போதும். பேராசிரியர் உடனே மாற்றிக்கொடுத்தார்.

கவனித்துப் பாருங்கள், ஆர்கியூ என்ற வினைச்சொல்லில் கெட்ட வாடை கட்டாயம் இல்லை. நன்றாக ஆர்கியூ செய்தார் என்று பாராட்டலாம். ஆர்கியுமென்ட் என்ற பெயர்ச்சொல்லும் இரண்டு பக்கமும் போகும்: தர்க்கம் என்றும் வரும், வாய்ச்சண்டை என்றும் வரும். உரிச்சொல்லாகி ஒரு மனிதர் மேல் உட்காரும்போதுதான் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது.

அப்படியானால் நம்மில் இத்தனை பேர் இதை நல்ல அர்த்தத்தில் எழுதுவது ஏன்?

நம்மிடம் வாதத்துக்கு மரியாதை அதிகம். மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும்போதே, சமய வாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, பகைவரோடு கூட "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்றும் சொல்கிறார்கள். வாதம் வேண்டும், கோபமும் சண்டையும் வேண்டாம். இன்றைக்கும் மார்கழியிலும் பொங்கலிலும் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "நல்லா வாதாடுவான்" என்றால் பெற்றவளுக்குப் பெருமை.

அந்தப் பெருமையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது கைக்கு முதலில் கிடைப்பது இந்தச் சொல். ஆனால் தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்பவை விதண்டாவாதமும் குதர்க்கமும்தான். நம் பழைய தர்க்க நூலான நியாய சாத்திரம், விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சி வைக்காமல் எதிராளி சொல்வதை உடைப்பதையே வேலையாக வைத்துக்கொள்வது விதண்டை. நாலாவது மாடிக்காரர் எந்த வகை என்று இப்போது தெரிந்திருக்கும்.

அமர்த்தியா சென் தன் புத்தகத்துக்கே இந்தச் சொல்லை வைத்திருக்கிறாரே?

ஆமாம், 2005இல் வெளிவந்த "தி ஆர்கியுமென்டேட்டிவ் இந்தியன்". இந்தியாவில் பொது விவாதத்துக்கும் மாற்றுக் கருத்துக்கும் நீண்ட மரபு உண்டு என்பதுதான் அதன் மையக் கருத்து. அங்கே அவர் பாராட்டாகவே பயன்படுத்துகிறார். வழக்கமாகக் குறையாக வரும் சொல்லை எடுத்துப் பெருமையாகத் திருப்பி வைத்ததால்தான் அந்தத் தலைப்பு மனதில் நிற்கிறது. ஒரு முழுப் புத்தகம் எழுதி அர்த்தத்தைத் திருப்ப அவருக்கு இடம் இருந்தது. ஆபீஸில் வேலையை மதிப்பிட்டு எழுதும் மூன்று வரி அப்ரைசல் குறிப்பில் உங்களுக்கு அந்த இடம் கிடையாது.

ஆர்கியுமென்டேட்டிவ் எஸ்ஸே என்கிறார்களே, அது மோசமான கட்டுரையா?

இல்லை. அங்கே இது ஒரு வகைப் பெயர். ஒரு நிலைப்பாட்டை எடுத்து, காரணங்களும் சான்றுகளும் கொடுத்து, எதிர்த்தரப்புக்கும் பதில் சொல்லும் கட்டுரை. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ரைட்டிங் டாஸ்க் 2 பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: குறைந்தது 250 சொற்கள், ஏறக்குறைய 40 நிமிடம். அதில் நீங்கள் வாதம் செய்யத்தான் வேண்டும். சண்டைக்காரத் தொனியில் எழுதினால் அது வாதமாகாது.

சொல்லின் வரலாறும் இப்படித்தான். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது "வாதம் சம்பந்தப்பட்ட" என்ற பொருளில்தான் வந்தது. வாதப் பிரியரைக் குறிப்பது 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. கட்டுரையோடு வரும்போது பழைய பொருள், ஆளோடு வரும்போது புதிய பொருள்.

கோர்ட்டில் இந்தச் சொல்லைக் கேட்கிறேன். அங்கே என்ன அர்த்தம்?

இதைக் கேட்டவர் தம்பு செட்டி தெருவில் ஒரு சீனியரிடம் புதிதாகச் சேர்ந்த வக்கீல். அவர் எழுதிய அஃபிடவிட்டின் ஓரத்தில் சீனியர் சிவப்பு மையில் "ஆர்கியுமென்டேட்டிவ்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அப்படியில்லை. அஃபிடவிட் என்பது ஒருவர் தனக்குத் தெரிந்த உண்மைகளைச் சத்தியம் செய்து சொல்லும் பத்திரம். "நான் 3ஆம் தேதி வாடகை கொடுத்தேன், ரசீது இணைத்திருக்கிறேன்" என்பது உண்மைக் கூற்று. "ஆகவே எதிர்மனுதாரரின் நடவடிக்கை எந்தச் சட்டத்தாலும் நியாயப்படுத்த முடியாதது" என்பது வாதம். அதை வக்கீல் எழுந்து நின்று சொல்ல வேண்டும், மனுதாரர் சத்தியம் செய்து சொல்லக் கூடாது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 19, விதி 3 இதைப் பற்றியே பேசுகிறது. செவிவழிச் செய்தியையும் ஆர்கியுமென்டேட்டிவ் விஷயங்களையும் தேவையில்லாமல் சேர்த்தால், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாத வரை, அந்த அஃபிடவிட்டுக்கான செலவைத் தாக்கல் செய்தவரே ஏற்க வேண்டும். ஆக, சீனியர் குறை சொன்னது பத்தியை, ஆளை அல்ல.

அமெரிக்க கோர்ட் சீரியல்களில் "அப்ஜெக்ஷன், ஆர்கியுமென்டேட்டிவ்!" என்று குரல் வருவது வேறு. சாட்சியிடம் தகவல் கேட்காமல், கேள்வி என்ற பெயரில் வக்கீல் தன் முடிவையே சாட்சி மேல் திணிக்கிறார் என்பதுதான் அந்த ஆட்சேபம்.

கன்டென்ஷியஸ் என்ற சொல்லுக்கும் இதுவேதானே அர்த்தம்?

ஆளைச் சொல்லும்போது கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் கனமான சொல். ஆனால் அது பெரும்பாலும் விஷயங்களோடுதான் வரும். காவிரிப் பங்கீடு ஒரு கன்டென்ஷியஸ் விஷயம், அதாவது சர்ச்சைக்குரியது: 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று போனது. அங்கே ஆர்கியுமென்டேட்டிவ் என்ற சொல்லைப் போட முடியாது. தண்ணீர் சண்டை போடாது, அதன் பேரில் மனிதர்கள்தான் போடுவார்கள்.

லிட்டிஜியஸ், பெலிஜரன்ட், குவாரல்சம் எல்லாம்?

லிட்டிஜியஸ் என்பவர் வாயோடு நிற்க மாட்டார், வழக்குப் போட்டுவிடுவார். மதிற்சுவர் அரை அடி தள்ளியதற்கும் நோட்டீஸ், மாமரக் கிளை சாய்ந்ததற்கும் நோட்டீஸ். இது நம் ஊருக்குப் புதிதில்லை. எந்த நியாயமும் இல்லாமல் வழக்கு மேல் வழக்குப் போடுவதையே பழக்கமாக வைத்திருப்பவர்களைத் தடுக்க 1949இலேயே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. அட்வகேட் ஜெனரல் மனு செய்து, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றால், அதன் பிறகு அந்த ஆள் அனுமதி வாங்கித்தான் வழக்குப் போட முடியும். அந்தச் சட்டத்தின் சொல் வெக்ஸேஷியஸ்: தொல்லை கொடுப்பதற்கென்றே போடும் வழக்கு. லிட்டிஜியஸ் ஆன எல்லோரும் வெக்ஸேஷியஸ் இல்லை. உரிமைக்காகத் திரும்பத் திரும்பக் கோர்ட் ஏறுகிறவரும் உண்டு, அவரை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

பெலிஜரன்ட் அடிதடிக்குத் தயாராக நிற்கும் தொனி. லத்தீனில் "போர் நடத்துகிற" என்று பொருள். சர்வதேசச் சட்டத்தில் போரிடும் நாட்டுக்கு இன்றும் இதே பெயர்தான். சென்னை அப்படி ஒரு நாட்டை நேரிலேயே பார்த்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டது. ஹைகோர்ட் வளாகச் சுவரில் அதற்கு நினைவுக் கல்வெட்டு உண்டு. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். பெலிஜரன்ட் என்று ஒருவரை எழுதினால், கைகலப்பு வருமோ என்ற பயத்தையும் சேர்த்து எழுதுகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

குவாரல்சம் வெறும் சண்டைக்கோழி. அதில் வாதம் என்ற பொருளே வேண்டியதில்லை.

ஒரு நாள் மட்டும் அப்படி நடந்துகொண்டால்?

"ஹி காட் ஆர்கியுமென்டேட்டிவ்" என்று சொல்லலாம். கல்யாண வீட்டில் சாயங்காலம் வரை நன்றாக இருந்த சித்தப்பா, பந்தியில் இடம் கிடைக்காத கோபத்தில் எல்லோரிடமும் எகிறிப் பேசினார் என்றால் அது அந்த நேரத்து மனநிலை. சுபாவத்தைச் சொல்ல "இஸ்", அந்த நேரத்தைச் சொல்ல "காட்". இதை மாற்றிப் போட்டால் ஒரு சாயங்காலத்துக்காக ஒருவருடைய முழு குணத்துக்கும் முத்திரை குத்திவிடுவோம்.

உச்சரிப்பும் ஸ்பெல்லிங்கும்?

ஆர்-கியு-மென்-ட-டிவ். மூன்றாவது அசையான "மென்" மேல் அழுத்தம் விழ வேண்டும். ஸ்பெல்லிங்கில் ஆர்கியூ என்ற சொல்லின் கடைசி "ஈ" போய்விடும். யூ எழுத்துக்கு அடுத்து நேராக எம். ஆர்கியுமென்டிவ் என்று ஒரு அசையை விழுங்கி எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். முன்னால் "எ" வராது, "ஆன்" வரும்.

ப்ரோகிராமிங்கில் ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்ட் கொடுக்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வேர் ஒன்றுதான். வானியல் அட்டவணைகளில் எந்த எண்ணை வைத்து மற்றொரு எண்ணைத் தேடி எடுப்பார்களோ, அதை ஆர்கியுமென்ட் என்றார்கள். அங்கிருந்து கணிதம், கணிதத்திலிருந்து கம்ப்யூட்டர். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளி ரிப்போர்ட்டில் என் மகளை ஆர்கியுமென்டேட்டிவ் என்று எழுதியிருக்கிறார்கள். கண்டிக்கலாமா?

முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நம் வகுப்பறைகளில் "டோன்ட் ஆர்கியூ" என்றால் "எதிர்த்துப் பேசாதே" என்று அர்த்தமாகிவிட்டது. அதனால் "ஏன் மிஸ்?" என்று கேட்ட குழந்தையும், ஹோம்வொர்க் செய்யாமல் சாக்குச் சொன்ன குழந்தையும் ஒரே முத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள். ஆசிரியரைப் பார்த்து, "எந்தச் சந்தர்ப்பத்தில் அப்படித் தோன்றியது மேடம்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கணக்கில் விடை தவறு என்று சுட்டிக்காட்டியதுதான் காரணம் என்றால் மகளைக் கண்டிக்க எதுவும் இல்லை. எப்படிச் சொன்னால் மிஸ்ஸுக்குச் சங்கடமாகாது என்று சொல்லிக்கொடுத்தால் போதும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவருடைய களைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜராக இருக்கிறேன். டீமில் ஒருவர் உண்மையிலேயே எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேசுகிறார். எப்படி எழுதுவது?

குணத்துக்குப் பெயர் வைக்காதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "டீம் முடிவு செய்த பிறகும் இரண்டு ஸ்பிரின்ட்களில் அதே விஷயத்தை மறுபடி எழுப்பினார், புதிய தகவல் எதுவும் தரவில்லை." (ஸ்பிரின்ட் என்பது ஐடி டீம்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் குறுகிய காலச் சுற்று.) இதைப் படித்தால் அவருக்கு எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தெரியும். ஆர்கியுமென்டேட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லைப் படித்தால் அவர் இல்லை என்றுதான் சொல்வார், அப்படிச் சொல்வதே உங்கள் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகிவிடும். அந்த மாதிரிப் பொறியில் ஒருவரை நிறுத்துவது நியாயமே இல்லை.

அந்த ஒருவர் பெண் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். அதே கேள்வியை அதே குரலில் ஒரு ஆண் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? அவருக்கு அசர்ட்டிவ், பெண்ணுக்கு ஆர்கியுமென்டேட்டிவ் என்று கை தானாகப் போகிறதா என்று பாருங்கள். அசர்ட்டிவ் என்றால் தன் கருத்தைத் தயங்காமல், பிறரை மட்டம் தட்டாமல் சொல்பவர். என்னிடம் வரும் பெண்கள் காட்டும் குறிப்புகளில் முதல் சொல்லை விட இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவர்கள் அனுப்பிய மெயில்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பில் எங்கே என்று கேட்ட இரண்டாவது மாடிக்காரரின் கேள்விகள்தான் அவை.

எனக்கே அப்படி எழுதிவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?

அன்றைக்கே பதில் அனுப்பாதீர்கள். அடுத்த நாள் இரண்டு வரி போதும்: குறிப்பைப் படித்தேன், எந்தக் கூட்டத்தில் அல்லது எந்த மெயிலில் அப்படித் தோன்றியது என்று ஓரிரு உதாரணம் சொன்னால் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும். "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று தொடங்கவே வேண்டாம். உதாரணம் வந்தால் அதை மட்டும் பேசுங்கள். உங்கள் பக்கம் தவறு இருந்தால் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். உதாரணம் எதுவும் வராவிட்டால், "குறிப்பிட்ட சந்தர்ப்பம் எதுவும் சொல்லப்படாததால் இந்தச் சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, ஹெச்ஆருக்கும் ஒரு காப்பி போடுங்கள். அந்த மெயிலின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அப்ரைசலில் தேவைப்படும்.